கொடியில் ஐந்து சட்டைகள்

"அஞ்சும் தொங்குது, டெஸ். வேலிகிட்டப் போய் நானே பார்த்துட்டு வந்தேன்" என்றாள் டெஸ்ஸின் மனைவி நொலீன், தோட்டக் குழாயைக்கூடக் கீழே வைக்காமல்.

டெஸ் தேநீரில் முக்கிய பிஸ்கெட்டை மறந்துபோனார். அதில் பாதி கோப்பைக்குள் விழுந்தது.

"அஞ்சுமா? நல்லாப் பார்த்தியா?"

"வெள்ளை, நீலம், பச்சை, கட்டம் போட்டது, அப்புறம் கிளைவ் தன் மச்சினன் கல்யாணத்துக்கு வாங்கின ரோஸ். எல்லாத்துலயும் வேர்வைக் கறை. துவைச்சும் போகல."

பக்கத்து வீட்டு கிளைவ் சிட்னிக்குப் போய், தொலைக்காட்சி வினாடி வினாவில் கலந்துகொண்டு முந்தின நாள்தான் திரும்பியிருந்தார். அங்கே ஒரே நாளில் ஐந்து நிகழ்ச்சிகளைப் படம்பிடித்துவிடுவார்கள். ஜெயித்தவர் சட்டையை மாற்றிக்கொண்டு அடுத்ததில் உட்கார வேண்டும். பார்க்கிறவர்களுக்கு அது மறுநாள். அதனால் எல்லோரையும் ஐந்து சட்டையோடு வரச் சொல்வது வழக்கம். முதல் ஆட்டத்தில் தோற்றவன் ஒரே ஒரு சட்டையை அழுக்காக்கிக்கொண்டு ஊர் திரும்புவான்.

புல்தரையில் பந்து உருட்டி ஆடும் ஊர் பவுல்ஸ் கிளப்பின் தலைவர் நாற்காலி பல வருஷமாக டெஸ்ஸுடையது. வரும் சனிக்கிழமை தேர்தல். எதிர்த்து நிற்பவர் கிளைவ்.

சாயங்காலம் டெஸ் வேலிக்கு மேலே தலையை நீட்டினார்.

"என்ன கிளைவ், எப்படிப் போச்சு?"

"வாயைத் திறக்கக் கூடாதுன்னு கையெழுத்து வாங்கியிருக்காங்கப்பா. டிவியில வர்ற வரைக்கும் மூச்சு விடமாட்டேன்."

"ஜெயிச்சியான்னா கேட்டேன்? ஆளு களைப்பா இருக்கியேன்னு கேட்டேன்."

"களைப்பா இல்லாம? காலையில உக்கார வெச்சவங்க சாயங்காலம்தான் விட்டாங்க. கை ரெண்டும் கழண்டு விழுற மாதிரி வலிக்குது, போ."

டெஸ் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு உள்ளே வந்தார். "பொத்தானை அமுக்கி அமுக்கிக் கையே போச்சாம்."

"அப்ப சனிக்கிழமை நீ தோத்த" என்றாள் நொலீன்.

"நின்னாத்தானே தோக்கணும்? டிவியில ஜெயிச்சவன்கிட்டத் தோத்தா ஊரே சிரிக்கும். நானா விட்டுக்கொடுத்தா அதுக்குப் பேரு பெருந்தன்மை."

சனிக்கிழமை டெஸ்ஸே எழுந்து, கிளப்புக்கு இனி ஒரு மூளைக்காரர்தான் தலைமை தாங்க வேண்டும் என்று முழங்கி, கிளைவின் பெயரை முன்மொழிந்தார். தலைவர் கார் நிறுத்துகிற மரநிழலையும் அப்போதே தாரைவார்த்தார். சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

"எதுக்கு டெஸ் இதெல்லாம்? அங்க நான் ஒண்ணும்..." என்று கிளைவ் நெளிந்தார்.

"பேசாத. கையெழுத்துப் போட்டிருக்க" என்று டெஸ் அவர் வாயைப் பொத்தினார்.

அடுத்த மாதம், நிகழ்ச்சி ஒளிபரப்பாகும் அந்தத் திங்கட்கிழமை வந்தது. கிளப்பின் பெரிய திரைக்கு முன்னால் ஊரே கூடியிருந்தது. தட்டுகளில் சாஸேஜ், கைகளில் பீர். திரையில் வெள்ளைச் சட்டையில் கிளைவ் தோன்றியதும் கூரை அதிர்ந்தது.

முதல் கேள்வியே லட்டு மாதிரி வந்தது. பவுல்ஸ் ஆட்டத்தில் குறியாக வைக்கும் சின்ன வெள்ளைப் பந்துக்கு என்ன பெயர்?

"ஜாக்" என்று கிளப் முழுக்க ஒரே குரலில் சொன்னது, சமையல்காரி உட்பட.

திரையில் கிளைவ் நெற்றியைத் தடவினார். நாற்பது வருஷமாக அந்தப் பந்தைக் குறிபார்த்து உருட்டியவர், "அது வந்து... சின்னது..." என்றார். மணி அடித்தது. அதற்கப்புறம் அவருக்குத் தன் ஊர்ப் பேர்கூட நினைவிருந்ததா என்பது சந்தேகம். மூன்று பேரில் மூன்றாவதாக வந்து, கைகுலுக்கிவிட்டுத் திரையிலிருந்து மறைந்தார்.

யாரோ ஒருவர் முள்கரண்டியிலிருந்து சாஸேஜ் நழுவித் தரையில் விழுந்த சத்தம் கேட்டது.

டெஸ் மெல்லத் திரும்பித் தலைவர் நாற்காலியைப் பார்த்தார். "அப்ப... மிச்சம் நாலு சட்டை?"

"நாளைக்குப் பாரு, பார்வையாளர்ல ரெண்டாவது வரிசை, நீலச் சட்டை" என்றார் தலைவர் கிளைவ். "கைதட்ட ஆள் பத்தலைன்னு என்னையே சாயங்காலம் வரைக்கும் பிடிச்சு வெச்சுக்கிட்டாங்க; தினம் வேற ஆளு மாதிரி தெரியணுமேன்னு ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு சட்டை."