முதுகில் ஒரு மச்சம்

“முதுகுல இத்தனை பெரிய மச்சம்! வீட்ல ஒருத்தர் கண்ணுலயும் படலையா?”

இளம் டாக்டருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. தோல் அறுவைக்கென்றே மேல்படிப்பு படித்து, போன மாதம்தான் இந்த மருத்துவமனையில் சேர்ந்திருந்தார்.

பெரியவர் சட்டையைக் கழற்றிவிட்டு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். மச்சத்தின் ஓரம் கோணல்மாணலாகப் பரவியிருந்தது. நடுவில் ரத்தம் காய்ந்திருந்தது. பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது, புற்றுநோய்தான்.

“எப்போலேர்ந்து வளருது?”

“ஒண்ணரை வருஷம் இருக்கும். அரிக்குதுன்னு இவகிட்ட சொன்னேன்.”

அவர் மனைவி நாற்காலி நுனியில், கைப்பையை இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். டாக்டர் விடவில்லை.

“சொல்லியிருக்காரேம்மா! அவர் முதுகை அவரேவா பாத்துக்க முடியும்? கூட இருக்கறவங்கதானே பாக்கணும்? அப்பவே வந்திருந்தா வெட்டித் தச்சு அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பேன். இவ்வளவு நாள் என்னதான் பண்ணிட்டிருந்தீங்க?”

அவள் தலை நிமிரவில்லை.

“அக்குளையும் தொட்டுப் பாத்துடுங்க. இடது பக்கம்” என்றாள்.

இப்போதெல்லாம் போனைப் பார்த்தே எல்லோரும் பாதி டாக்டர் ஆகிவிடுகிறார்கள் என்று அலுத்துக்கொண்டே டாக்டர் விரல் வைத்தார். கோலிக்குண்டு மாதிரி உருண்டது. அவர் கோபமெல்லாம் வடிந்துபோனது. நோய் பரவிவிட்டது, இனி கத்தியால் மட்டும் ஆகிற காரியமில்லை.

அதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் கை கழுவப் போனார். திரும்பி வந்தபோது அந்த அம்மாள் சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தாள். பாவமாகத்தான் இருந்தது. இருந்தாலும் மனசு கேட்கவில்லை.

“இவ்வளவு தூரம் ஏம்மா அலையணும்? உங்க ஊர் பெரிய ஆஸ்பத்திரியில தோல் சர்ஜரிக்குன்னு தனி டிபார்ட்மென்டே இருக்கே. அங்க காட்டியிருக்கலாமே?”

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

பெரியவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே சிரித்தார்.

“அந்த டிபார்ட்மென்டுக்குத் தலைவியே இவதான் தம்பி. ஊர் முதுகையெல்லாம் பாத்தவ, என்னைத்தான் நாளைக்கு நாளைக்குன்னு தள்ளிட்டா.”