ஊதிக் காட்டுங்க

“டாக்டர், நீங்களே கூப்பிட்டுக் கேளுங்க. இவர் மறுபடி குடிக்கிறார்.”

குடிப்பழக்கத்துக்கு வைத்தியம் பார்க்கும் அந்த டாக்டரம்மாவின் அறையில், உட்காரும் முன்பே மனைவி ஆரம்பித்துவிட்டாள். பஸ் டிரைவரான கணவரை வெளியே வராந்தாவில் உட்கார வைத்திருந்தாள்.

“குடிச்சதை நேர்ல பார்த்தீங்களா?”

“வேற பார்க்கணுமா? நேத்து வாயில பெப்பர்மின்ட் வாசனை. எதை மறைக்க பெப்பர்மின்ட்?”

“டிப்போவுல தினமும் மெஷின்ல ஊத வெச்சுதானே பஸ்ஸைக் கொடுக்கறாங்க?”

“மெஷினை ஏமாத்திடலாம். என் மூக்கை ஏமாத்த முடியுமா? வீட்டு வாசல்லயே நிறுத்தி ஊதச் சொல்லுவேன். சட்டைப் பை, ஷூ, தலையணை உறை, ஒண்ணு விடமாட்டேன்.”

“ஏதாவது கிடைச்சுதா?”

“ரெண்டு வருஷமா ஒண்ணும் கிடைக்கல. அவ்வளவு கெட்டிக்காரர்!”

டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

“இனிமே ஊதச் சொன்னா டிப்போவுலயே தங்கிக்கறேன்னு சொல்லிட்டார் டாக்டர். மடியில கனம் இல்லாதவருக்கு எதுக்கு இவ்வளவு கோபம்?” என்றவளின் குரல் உடைந்தது. போய்விடுவாரோ என்ற பயம் நிஜமாகவே இருந்தது.

“குடி ஒரு நோய்மா...”

“நோயாவது! காய்ச்சல்காரன் மாத்திரையைத் தேடுவான், இவங்க கடையைத் தேடறாங்க. மனசு வெச்சா எதையும் விட்டுடலாம். எல்லாம் திமிர்.”

“சரி, நீங்க ஒரு வாரம் அவரைச் சோதிக்காம இருங்க. மனசு வெச்சா முடியும்தானே?”

“இதென்ன பெரிய விஷயமா?” வீம்பாக எழுந்தாள்.

வராந்தாவில் கணவர் பேப்பரை மடித்து விசிறிக்கொண்டிருந்தார்.

“என்ன சொன்னாங்க?”

“ஒண்ணுமில்ல. கிளம்புங்க.”

வாசல் வரை வந்துவிட்டாள். மனசு கேட்கவில்லை. இவ்வளவு நேரம் தனியாக இருந்தாரே? எதிரிலேயே கடை வேறு இருக்கிறதே? உள்ளங்கை வியர்த்தது, விரல்கள் நடுங்கின.

“இந்த ஒரு தடவை மட்டும். இதோட சரி. ஊதுங்க.”

சொன்ன பிறகுதான் பயந்தாள். அவ்வளவுதான், இப்படியே டிப்போவுக்குக் கிளம்பிவிடுவார்.

அவர் அவளுடைய விரல்களைப் பார்த்தார். குனிந்து ஊதினார். பிறகு அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

“இதோட சரின்னு நானும் எத்தனை தடவை சொல்லியிருப்பேன்? அப்ப நீதானே என் கையைப் பிடிச்சு இங்க கூட்டிட்டு வந்தே? இன்னிக்கு என் முறை. வா, உள்ள போகலாம்.”