முதலாளி கத்தினால் விடுப்பு

பரோட்டா மாஸ்டர் முத்தையாவுக்கு வலது தோள்மூட்டிலுள்ள நீர்ப்பை வீங்கிவிட்டது. ஒரு மாதம் மாவு வீசாமல் இருந்தால்தான் ஆறும், இல்லையென்றால் கையைத் தூக்கவே முடியாது என்றார் டாக்டர். விடுப்புக்குச் சட்டம் சுலபம். தொழிலாளியின் வலியை ஒரு ஜோடிப் பட்டை வழியாக முதலாளியின் தோளுக்கு மாற்றுவார்கள். முதலாளி கத்தினால் விடுப்பு.

கடைக்கு வேறு மாஸ்டர் இல்லை. எனவே முதலாளி தங்கப்பாண்டி அண்ணாச்சி கத்துவதாக இல்லை.

சோதனைக்கு வந்த அதிகாரியம்மா இருவருக்கும் பட்டையைக் கட்டினார். "ஒரு பரோட்டா அடிங்க மாஸ்டர்."

முத்தையா மாவை வீசினார். தோளில் ஒன்றுமே தெரியவில்லை. கல்லாவில் அண்ணாச்சி துண்டைச் சுருட்டிக் கடித்துக்கொண்டார்.

"வலிக்குதா சார்?"

அண்ணாச்சி துண்டை எடுத்தார். "எறும்புக் கடிம்மா." கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. "இது வெங்காயம்."

இன்னும் ஒரே வீச்சு. கத்திவிடுவார் என்று சாப்பிட வந்தவர்களுக்கே தெரிந்தது. முத்தையா கையை ஓங்கினார். அண்ணாச்சியின் உதடு நடுங்கியது. தனக்கு இவ்வளவு வலித்திருக்கிறது என்பதே முத்தையாவுக்கு அந்த முகத்தைப் பார்த்துத்தான் புரிந்தது. ஓங்கிய கையை மெல்ல இறக்கினார்.

"போதும்மா, விட்டுருங்க. பாவம், தாங்க மாட்டாரு."

"அவர் கத்தலையே. விடுப்பு கிடையாது," என்று அதிகாரியம்மா பட்டைகளைக் கழற்றினார்.

வலி முத்தையாவிடம் திரும்பி வந்தது. தெருமுனை வரை கேட்கும்படி கத்தினார்.

"நீங்க கத்தினா கணக்கில்ல மாஸ்டர்."