இரைச்சல் அடங்கியபோது

ஒலிப்பதிவுக் கூடத்தில் மைக் ஆம்ப்ளிஃபயர் மூடி திறந்து கிடக்கிறது. மேசை விளக்கின் வெளிச்சத்தில் பற்றவைத்த ஈயத்தின் புகை சுருள்கிறது. ஹெட்போனுக்குள் மெக்கானிக்கின் காதைக் குடைகிறது வண்டு போல ஒரு இரைச்சல். பவர் சப்ளையைக் கழற்றிவிட்டுச் சோதனைக்கு ஒரு பேட்டரியை மாட்டுகிறான். வண்டு சட்டென்று அடங்குகிறது. கோளாறு பவர் சப்ளையில்தான். கண்ணாடிக்கு அப்பால் மைக் முன்னால் அவன் மனைவியும், அவளோடு ஜோடியாகப் பாடுகிறவனும் நிற்கிறார்கள். இப்போது அவள் மூச்சுகூடக் கேட்கிறது. "தொண்டை கட்டியிருக்கே, வெந்நீர் கொண்டு வரட்டுமா?" என்று பாடகனிடம் மெல்லக் கேட்கிறாள். வீட்டில் ஒரு வாரமாக இருமுகிறவன் மெக்கானிக். அவனிடம் அவள் ஒருமுறைகூட இப்படிக் கேட்டதில்லை. "என்னங்க, சரியாயிடுச்சா?" என்கிறாள் மைக்கில். பேட்டரியைப் பிடுங்கிவிட்டுப் பழைய பவர் சப்ளை வயரையே செருகுகிறான். வண்டு திரும்பி வருகிறது. கதவைத் திறந்து சொல்கிறான்: "இல்ல, இன்னும் இரையுது. அவரை வீட்டுக்குப் போகச் சொல்லு."