நீலச் சாயத்தின் வளைவு

தண்டலம் பக்கத்துப் பொறியியல் கல்லூரி ஆய்வகத்தில், பகல் பன்னிரண்டு மணிக்கு, மின்சாரம் சொல்லிக்கொள்ளாமல் போகிறது. ஆராய்ச்சி மாணவி சுகப்பிரியாவின் சுழல்மேசை ஒரு முனகலோடு நிற்கிறது. அதன்மேல் கண்ணாடி மூடிய நீளக் கால்வாய். இரு பக்கச் சுவர்களும் நுண்துளைத் தகடுகள், அவற்றில் வியர்த்ததுபோல் நீர் கசிகிறது. தண்ணீர் மாடித் தொட்டியிலிருந்து வருவதால் அது மட்டும் நிற்கவில்லை. நடுவில் நீலச் சாயம் நூல் பிடித்தாற்போல் நேராக ஓடுகிறது. மேசை சுழன்றால் அது ஒரு சுவர்ப்பக்கம் வளையும். அவளுடைய நான்கு வருட ஆராய்ச்சி அந்த வளைவில்தான் இருக்கிறது. அதைக் கண்ணால் பார்த்து ஆய்வேட்டில் கையெழுத்துப் போடத்தான் வெளியூர்ப் பேராசிரியர் வந்திருக்கிறார். “கரண்டு பூட்ச்சி மேடம், ரெண்டு மணி நேரத்துக்கு வராது” என்கிறார் ஆய்வக உதவியாளர் தணிகாசலம். பிரின்சிபால் அறைக்கு மட்டும் ஜெனரேட்டர் உறுமத் தொடங்குகிறது. பேராசிரியர் கடிகாரத்தைப் பார்க்கிறார். “எனக்கு மூணு மணிக்கு ஃப்ளைட்மா.”

சுகப்பிரியா துப்பட்டாவை இடுப்பில் முடிந்துகொண்டு, மேசை விளிம்பைப் பிடித்துத் தள்ளுகிறாள். எதிர்ப்பக்கம் தணிகாசலமும் மாவாட்டுகிறவரைப்போல் கைகொடுக்கிறார். “வுடாதீங்க மேடம், சுத்துங்க!” ஜன்னல் வெளிச்சத்தில் கால்வாய் சுற்றிச் சுற்றி வருகிறது. சாயம் நடுங்குகிறது, பிசிறடிக்கிறது. பிறகு மெல்ல, அவள் கணக்குப் போட்ட அதே பக்கம் வளைந்து, சுவரை ஒட்டி நழுவுகிறது. “சார், பாருங்க!” பேராசிரியர் ஜன்னலோரம் முதுகைக் காட்டி நின்று, செல்போனில் டிரைவருக்கு வழி சொல்லிக்கொண்டிருக்கிறார். ஒரு நிமிஷம் என்று விரலை மட்டும் உயர்த்துகிறார். அவள் தள்ளுகிறாள். தோள் மரத்துப்போகிறது. தணிகாசலத்துக்கு மூச்சிரைக்கிறது. பேராசிரியர் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு திரும்பும்போது, மேசை நின்றுவிட்டிருக்கிறது; நீலக்கோடு மறுபடி நேராகப் போய்க்கொண்டிருக்கிறது.