பச்சைப் பை

மின்காந்தத்தை அணைத்த பிறகும் வெளிச்சம் இறங்கவில்லை.

நகத்தளவு பிளாஸ்டிக் படலம் அது. மின்சாரம் கொடுத்தால் ஆரஞ்சாக ஒளிரும். காந்தம் ஓடினால் வெளிச்சம் நூற்றுக்கு மூன்று பங்கு கூடும், அணைத்தால் பழையபடி குறையும். இதை அளந்து காட்டினால்தான் யுங்ஹாவுக்கு டாக்டர் பட்டம்.

மூன்று வாரமாகக் குறையவே இல்லை. இன்று மதியம்தான் கெடு.

நான் ஓரமாகத் தரை துடைத்துக்கொண்டிருந்தேன்.

"ஒயர் மாத்திட்டேன், கண்ணாடி மாத்திட்டேன், படலத்தையே புதுசா ஊத்திட்டேன் சார்." யுங்ஹாவ் அழுதுவிடுவான் போலிருந்தது.

பேராசிரியர் ஷீ இயந்திரத்தைச் சுற்றி வந்தார். மேலே நிறுத்தியிருந்த பச்சை நொறுக்குத்தீனிப் பையில் அவர் கண் நின்றது.

தைவானில் அந்தப் பை மேலே இல்லாமல் எந்த இயந்திரமும் ஒழுங்காக ஓடாது என்பார்கள். பச்சையாகத்தான் இருக்க வேண்டும். பிரிக்கக் கூடாது. தேதி தாண்டக் கூடாது.

அவர் கை நீட்டினார்.

"சார், பிரிச்சிராதீங்க! மெஷின் செத்துரும்!"

"எனக்குத் தெரியாதாடா? நான் என்ன நேத்தா பொறந்தேன்?"

பை வர மனமில்லாததுபோல் வந்தது. திரையில் கோடு சரிந்தது.

திரும்ப வைத்தார். ஏறியது.

எடுத்தார். சரிந்தது.

நாலு தடவை. நாலையும் நோட்டில் எழுதிக்கொண்டார். பிறகு பையின் அடியில் அச்சிட்டிருந்த தேதியைப் படித்தார். முகம் வெளுத்தது.

"மடப்பயலே, போன மாசமே தேதி முடிஞ்சு போச்சு!"

யுங்ஹாவ் கீழே கடைக்கு ஓடினான். புதுப் பை வந்தது. காந்தத்தைப் போட்டால் கோடு ஏறியது, அணைத்தால் இறங்கியது. மதியத்துக்குள் அளந்து முடித்துவிட்டான். பழைய பையை என்னிடம் நீட்டினான்.

"அத்தே, இந்தப் பீடையக் கண்காணாம போட்டுருங்க. கைய நல்லாக் கழுவிக்குங்க."

தாழ்வாரத்தின் கோடியில் நின்ற குப்பை வண்டிக்குள் வீசினேன். உள்ளே விழவில்லை. வண்டியின் இரும்பு விளிம்பில் டக்கென்று ஒட்டிக்கொண்டு தொங்கியது.

விடியுமுன்னே எழுந்து வெறும் வயிற்றோடு வருகிறவள் நான். மூன்று வாரத்துக்கு முன்னால் அந்தப் பையில் இருந்ததைத் தின்றுவிட்டேன். ஃபிரிட்ஜில் இருந்த யாருடைய தேநீரையோ குடித்ததற்கே ஒருத்தியை வேலையை விட்டு நிறுத்திய இடம் இது. காலிப் பை ஏசிக் காற்றுக்குச் சாய்ந்துகொண்டே இருந்தது. உடைந்த அலமாரிக் கதவில் இருந்த காந்தத்தைப் பிடுங்கி உள்ளே போட்டு, வாயை ஒட்டி நிறுத்தினேன்.

அடுத்த பைக்குக் கல் போடலாம்.