சோத்துக் கை

மர்ளியாவுடைய கணவனின் அக்கா பஸீஹா, இன்றைக்கு ஐந்தாவது தடவையாகப் பிஸ்கட்டைப் பிள்ளையின் இடக்கையிலிருந்து பிடுங்கி வலக்கையில் திணிக்கிறாள். “பிஸ்மி சொல்லிச் சோத்துக் கையால தின்னுங்க மகன்.” பிஸ்கட் பாயில் விழுகிறது. களப்பு நீரைத் தடவி வரும் காற்றில் சன்னல் சீலை உப்பி அடங்க, பத்து மாதப் பிள்ளையின் மூடிய வலது முஷ்டிமேல் வெயில் வந்து வந்து போகிறது. குளிப்பாட்டும்போதுகூட விரல் விரலாகப் பிரித்துத்தான் கழுவ வேண்டிய கை அது. அந்தக் கையில் ஏதோ கோளாறு என்று மூன்று மாதமாகச் சொல்லிச் சொல்லி மர்ளியாவுக்கு வாய் நோகிறது. கேட்கத்தான் இந்த வீட்டில் ஆளில்லை. “நீ பழக்காததுதான் மர்ளியா. என்ட மூத்தவனும் இடக்கைதான், நான் அடிச்சுத் திருத்தல்லியா?” “அவன் ரெண்டு கையையும் ஊண்டித் தவழ்ந்தானே மதினி! இவன் ஒரு கையை இழுத்துக்கிட்டெல்லோ போறான்.” “பிள்ளைக்கு இல்லாத நோயைச் சொல்லாத.” மர்ளியா பல்லைக் கடித்துக்கொண்டு பிள்ளையை மடியில் இருத்துகிறாள். அவன் இடக்கையை மெல்லப் பிடித்துக்கொண்டு, பிஸ்கட்டை அந்த வலது முஷ்டிக்குப் பக்கத்தில் நீட்டுகிறாள். “இப்பப் பாருங்க.” பிள்ளையின் தோள் அசைகிறது, முழங்கை மடங்கி இறுகுகிறது, விரல்கள் திறக்கவில்லை. பிறகு அவன் சிரித்துக்கொண்டே குனிந்து, பிஸ்கட்டை வாயால் கவ்வுகிறான். திருத்துவதற்காக நீண்ட மதினியின் கை அந்தரத்தில் நிற்கிறது.